எல்.எம்.எஸ். சுப்பாராவ்



கல்யாண வீட்டில் யாராவது என்னப்பா படிக்கிறே என்று கேட்பார்கள். டிப்ளமோ என்று சொன்னால் போதும், ஏன் பி.இ. கிடைக்கலையா என்று அடுத்த கேள்வி வந்து விழும். நம்ம எல்லோருக்கும் இது பழகிப்போன விஷயம். மருத்துவப் படிப்பிலும் ஒரு காலத்தில் இந்த மேல், கீழ் இருந்தது. எம்.பி.பி.எஸ். என்றால் முழுப் பட்டம். எல்.எம்.எஸ். என்றால் அதற்கு ஒரு படி கீழே. அந்த எல்.எம்.எஸ்.ஸைக் கையில் வைத்துக்கொண்டு, சென்னையில் அரசாங்க வேலை கிடைக்காமல் நின்ற ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் யெல்லாப்பிரகத சுப்பாராவ். பள்ளிக்கூடத்தில் ஏ.டி.பி. என்று படித்தோமே, உயிர்களின் சக்திப் பொருள், அதைக் கண்டெடுத்தவர்களில் அவர் ஒருவர்.

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். அது இன்று ஆந்திராவில் இருக்கிறது. அப்பா ஜகந்நாதம் வருவாய்த் துறையில் உத்தியோகம் பார்த்தார்; உடம்பு சரியில்லாமல் சீக்கிரமே வேலையை விட வேண்டியதாயிற்று. வீட்டில் ஏழு பிள்ளைகள். சுப்பாராவ் ஆரம்பத்தில் ஒன்றும் பெரிய படிப்பாளி இல்லை. காசிக்கு வரும் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரன் ஆகிவிடலாம் என்று சின்ன வயதில் வீட்டை விட்டே கிளம்பியவர்! பாதி வழியில் பிடித்துக் கூட்டி வந்தார்கள். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில். அம்மா வெங்கம்மா நகையை விற்றுப் பணம் கட்டினார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது தடவை எழுதித் தேறினார். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.) கம்மலை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய அம்மாக்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேருக்கு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு, ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசி ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டார். அம்மா சம்மதிக்கவில்லை. சரி என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பண உதவி செய்தார்கள். 1919-ல் அவர் மகள் சேஷகிரியோடு திருமணம் நடந்தது.

கல்லூரியில்தான் வம்பு வந்தது. காந்தியடிகள் அந்நியத் துணியை விடச் சொன்னார். இவர் அறுவை சிகிச்சை வகுப்புக்கே கதர் அங்கியோடு போய் நின்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. ஒரு சட்டைக்காக ஒரு பட்டம் போச்சு. சென்னை மருத்துவப் பணியிலும் இடம் இல்லை. கடைசியில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார்.

இதற்கிடையில் வீட்டில் விழுந்த அடி ரொம்பப் பெரியது. எட்டு நாள் இடைவெளியில் அவருடைய சகோதரர்கள் இருவர் இறந்துபோனார்கள். நோயின் பெயர் ஸ்ப்ரூ. சிறுகுடலின் உள் சுவர் பழுதாகி, சாப்பாட்டைச் சரியாக உறிஞ்சாமல் விட்டுவிடும். சாப்பிட்டது எல்லாம் அப்படியே போகும். நாக்கு வெந்து, இரத்தம் வற்றி, ஆள் எலும்பாகிவிடுவார். நம் பக்கத்து வைத்தியர்கள் கிராணி என்பார்களே, அதற்குக் கிட்டத்தட்ட வரும். கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குகிற சனங்கள் வயிற்றுக் கோளாறு என்றால் இன்றும் முதலில் கடுக்காயைத்தான் தேடுவார்கள். அந்தக் காலத்து ஆங்கில மருத்துவத்திடம் ஸ்ப்ரூவுக்கு மருந்தே கிடையாது. சுப்பாராவையும் அது பிடித்தது. லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்தில் பிழைத்துக்கொண்டார். ஆனால் சகோதரர்களை எது கொன்றது என்ற கேள்வி அவரை விடவில்லை.

காக்கிநாடா சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை உதவுவதாகச் சொன்னது, மாமனாரும் பணம் திரட்டினார். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போய் ஹார்வர்டில் வெப்ப மண்டல நோய்கள் பிரிவில் சேர்ந்தார். அங்கே அவர் முதலில் வாங்கியதும் ஒரு டிப்ளமோதான் நண்பர்களே! எல்.எம்.எஸ்.ஸை வைத்து அங்கே மருத்துவம் பார்க்க முடியாது. வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இராத்திரி நேரத்து எடுபிடி வேலை, நோயாளிகளின் மலப்பாத்திரம் கழுவுவது உட்பட. ஊரில் மகன் பிறந்து, சில மாதங்களிலேயே இறந்துபோனான். அந்தக் குழந்தையின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். முதலில் செய்த காரியம் வெளிப்பார்வைக்குச் சின்னது. இரத்தத்திலும் திசுவிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு வழி. மாலிப்டேட் கலந்து, இன்னொரு பொருளால் ஒடுக்கினால் நீல நிறம் வரும். பாஸ்பேட் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு அடர்ந்த நீலம். 1925-ல் வெளியான இந்த ஃபிஸ்க்-சுப்பாராவ் முறையை ஆய்வுக்கூடங்களில் பல தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. தசையிலிருந்து எடுத்த சாற்றைச் சோதித்தால் நீலம் சட்டென்று வந்து நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. லேபில் நமக்கு இப்படி ரீடிங் நிற்காமல் ஓடினால் என்ன செய்வோம்? ஏதோ ஒரு எண்ணைப் போட்டு ரெக்கார்டை முடித்துவிடுவோம்! அவர்கள் ஏன் ஓடுகிறது என்று கேட்டார்கள். சாற்றுக்குள் எளிதில் உடையக்கூடிய ஒரு பாஸ்பேட் சேர்மம் இருக்கிறது, அது சோதனையின்போதே உடைந்து உடைந்து பாஸ்பேட்டை விடுகிறது என்று தெரிந்தது. அதுதான் பாஸ்போகிரியாட்டின், 1927-ல் அறிவித்தார்கள். 1929-ல் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதைக் கண்டார். எலெக்ட்ரிகல் நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஏ.டி.பி. ஓடுகிற கரண்ட், பாஸ்போகிரியாட்டின் இன்வெர்ட்டர் பேட்டரி. அதுவரை தசைக்குச் சக்தி தருவது லாக்டிக் அமிலம் உண்டாகும் வினைதான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காக ஹில்லும் மேயர்ஹாஃபும் 1922-க்கான நோபல் பரிசையே வாங்கியிருந்தார்கள். ஒரு நீல நிறம் நிற்காமல் ஓடியதால் அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது.

ஹார்வர்டில் 1930-ல் பி.எச்டி. கிடைத்தது, நிரந்தர வேலை கிடைக்கவில்லை. சுப்பாராவ் கண்ட சில பொருள்களை ஃபிஸ்க் பொறாமையால் வெளியே வரவிடவில்லை, பல வருடம் கழித்து மற்றவர்கள் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று அதே துறையில் படித்தவரும் 1988-ல் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1940-ல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். இதற்கு முன்பே நம் நாட்டில் ஒரு வேலை நடந்திருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார், பம்பாயில் நெசவாலைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் கடும் இரத்த சோகை ஈஸ்ட் சாற்றில் குணமாவதை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். அந்தச் சாற்றில் இருந்தது என்ன? 1941-ல் அதைக் கீரையிலிருந்து பிரித்தார்கள்; இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அதன் அமைப்பைக் கண்டு, 1945-ல் ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டியது சுப்பாராவின் குழு. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் நீல மாத்திரை கொடுத்தார்களே, ஜன்னல் வழியாகக்கூட வீசினோமே, அதில் இரும்புச் சத்தோடு 500 மைக்ரோகிராம் இந்த ஃபோலிக் அமிலமும் இருந்தது. வெள்ளிமலையானாலும் கள்ளக்குறிச்சி டவுனானாலும் கர்ப்பிணிகளுக்கு நர்ஸம்மா கொடுக்கிற மாத்திரையிலும் அதுதான்.

ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தபோது தேறினார்கள். 1948-ல் அவருடைய நிறுவனத்திலேயே பெஞ்சமின் டக்கர் ஆரியோமைசின் என்ற மருந்தை வெளியிட்டார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. 1960-களில் வேலூர் சி.எம்.சி.யில் பேக்கரும் மதனும் தென்னிந்தியக் கிராமங்களில் பரவிய ஸ்ப்ரூவை வீடு வீடாகப் போய் ஆராய்ந்தார்கள். அந்த நோய்க்கு வழக்கமான மருத்துவம் ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான். இரண்டுமே சுப்பாராவின் கூரைக்குக் கீழிருந்து வந்தவை. சகோதரர்களுக்குத்தான் 25 வருடம் தாமதமாகிவிட்டது.

அவர் குழு ஃபோலிக் அமிலத்தின் போலிகளையும் செய்தது. மரை சற்றே மாறிய போல்ட்டை நட்டுக்குள் முறுக்கினால் என்ன ஆகும்? இறுகி மாட்டிக்கொள்ளும், சரியான போல்ட்டும் உள்ளே போகாது. அதுபோல இந்தப் போலி, ஃபோலிக் அமிலம் வேலை செய்யும் நொதியில் போய் மாட்டிக்கொள்ள, வேகமாகப் பெருகும் புற்றுச் செல்கள் திண்டாடும். இப்படிப்பட்ட அமினோப்டெரினை வைத்து பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தார். 10 பேருக்குத் தற்காலிகமாகவாவது குணம் தெரிந்தது என்று 1948 ஜூனில் எழுதினார். அதன் தம்பி மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கும், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்க்கும்கூட இன்று கொடுக்கிறார்கள். பாருங்கள், சுற்றிச் சுற்றிக் குடலுக்கே வந்துவிட்டது!

யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் 1947-ல் அவர் குழு தந்ததுதான். நம்ம பழைய தென்னாற்காடு அந்த நோய்க்குப் பேர்போன பகுதி. 1996-ல் கடலூர் மாவட்டத்தில் தொடங்கி, ஊர் முழுக்க எல்லோருக்கும் ஒரே நாளில் இந்த மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. நோய் இல்லாதவர் எதற்கு விழுங்கவேண்டும் என்று எங்க ஆயா இன்றும் கேட்கும். ஒருவர் இரத்தத்தில் இருக்கும் புழுக் குஞ்சு கொசு மூலம் அடுத்தவருக்குப் போகும், ஆகவே ஊரே விழுங்கினால்தான் சங்கிலி அறும்.

1948 ஆகஸ்ட்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். நோபல் பரிசு இல்லை, அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கவில்லை. 1953-ல் ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்தார்கள். நூற்றாண்டுக்கு, 1995-ல், நம் அரசு தபால்தலை வெளியிட்டது. மனைவி சேஷகிரி இங்கேயே இருந்தார். அமெரிக்காவுக்குக் கிளம்பிப் போன கணவரை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை.