தூதுரைத்த கவிஞர்

தூது நமக்கு ஒரு சிற்றிலக்கிய வகை, சர்தார் கே. எம். பணிக்கருக்கோ அது வாழ்வின் பெரும்பணி. 1895இல் கேரளத்துக் காவாலத்தில் பிறந்த இவர் மலையாளக் கவிஞர், வரலாற்றறிஞர், பழசிராஜாவைப் பற்றிய 'கேரளசிம்மம்' என்னும் புதினத்தின் ஆசிரியர். 1948இல் சீனத்திற்கு இந்தியத் தூதராகச் சென்றார். புரட்சிக்குப்பின், 1950இல், மக்கள் சீனத்திற்கும் அவரே முதல் இந்தியத் தூதரானார்.

1950 அக்டோபர் 2 நள்ளிரவில் பிரதமர் சூ என்லாய் அவரை அழைத்தார். அமெரிக்கப் படை கொரியாவின் 38ஆம் இணைகோட்டைக் கடந்தால் சீனம் போரில் இறங்கும் என்றார். பணிக்கர் அதனைத் தில்லிக்கு உரைத்தார். தில்லிவழி அறிந்த வாஷிங்டனோ, சீனச்சார்பினர் சொல்லென்று புறந்தள்ளியது. அம்மாதமே சீனப்படை யாலு ஆற்றைக் கடந்தது.

அங்கே மெய்யுரைத்தும் அயலார் நம்பவில்லை. திபெத்துச் சிக்கலில் சீனத்தை மிகையாக நம்பினாரென்று நம்மவர் பழித்தனர். 1962 போரையும் கண்டபின், 1963இல் மைசூரில் மறைந்தார். சொல்லையே நம்பி வாழ்வோர் நினைக்கத்தக்க வாழ்வு இது.