மின்சாரத்தைக் கணக்கில் கொண்டுவந்த ஓம்

மாலையானதும் கடையில் சுவிட்சைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. அந்த மின்சாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டென்று கண்டவர் ஜார்ஜ் சைமன் ஓம். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மனனம் செய்யும் ஓம் விதி அன்னாருடையதே.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் பூட்டுத் தொழிலாளி. தாமாகவே கணிதம் பயின்று, தம் மக்களுக்கும் அவரே கற்பித்தார். அத்தகைய தகப்பனின் பிள்ளை பல்கலைக்கழகம் சென்று நடனம், பில்லியர்ட்ஸ் என்று பொழுதைப் போக்கினார். தகப்பனார் சினந்து படிப்பையே நிறுத்திவிட்டார். நியாயமான கோபம் என்றே நாம் சொல்வோம். பிறகு திருந்திப் படித்து, 1811-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கொலோன் நகரில் ஆசிரியராயிருந்தபோதுதான் அந்தச் சோதனை நடந்தது. ஒரே கனமுள்ள 8 செம்புக் கம்பிகளை எடுத்தார். சிறியது 2 அங்குலம். நீண்டது 130 அங்குலம். ஒவ்வொன்றிலும் மின்சாரம் ஓடும்போது காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறதென்று குறித்தார். ஆனால் அக்கால மின்கலம் நேரமாக ஆகச் சக்தி குன்றும். படிக்கல்லே நிலையில்லாவிட்டால் சரக்கை எப்படி நிறுப்பது? ஆகவே போகெண்டார்ஃப் என்ற விஞ்ஞானியின் யோசனைப்படி, செம்பையும் பிஸ்மத் உலோகத்தையும் இரு முனைகளில் இணைத்து, ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். மின்சாரம் ஏறாமல் இறங்காமல் நின்றது.

அப்போது உண்மை வெளிப்பட்டது. கம்பி நீண்டால் தடை கூடும். தடை இருமடங்கானால் ஓட்டம் பாதியாகும். வோல்ட்டைத் தடையால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 23 ஓம் தடையிருந்தால் 10 ஆம்பியர் ஓடும். கம்பி மெலிந்தாலும் தடை கூடும். மெல்லிய வயரை நெடுந்தூரம் இழுத்துக் கோடியில் கெட்டிலை மாட்டுகிறோமே, அந்த வயர் சுடுவது இதனால்தான்.

1827-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். பாராட்டு வரவில்லை, ஏளனமே வந்தது. கொலோன் வேலையையும் விட்டுவிட்டார். பெர்லினில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பல ஆண்டு காலம் தள்ளினார். 1833-ல் நூரம்பர்க்கில் வேலை கிடைத்தது. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி தன் காப்லி பதக்கத்தை அளித்த பின்னரே சொந்த நாட்டார் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விரும்பிய மூனிச் பேராசிரியர் பதவி 1852-ல் வந்தது. 1854 ஜூலை 6-ந் தேதி இறந்துபோனார். இரண்டே ஆண்டு!

1881-ல் பாரிசில் கூடிய மின்சார மாநாடு, தடையின் அளவுக்கு ஓம் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது.