நீதி வழுவாத காழி ஷுரைஹ் (ரஹ்)



வழக்கில் தீர்ப்பு எத்துணை முக்கியமோ, அத்தீர்ப்பை அடையும் முறையும் அத்துணை முக்கியமாகும். இதனைத் தம் வாழ்வால் உணர்த்தியவர் தாபியீன்களில் ஒருவரான காழி ஷுரைஹ் (ரஹ்) அவர்கள். யமன் நாட்டுக் கிந்தா குலத்தவர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருவரிடம் குதிரையொன்றை விலைபேசி ஏறிப் பார்த்தபோது அது ஊனமுற்றது. திருப்பித் தர முனைந்தார்கள், உரிமையாளர் மறுத்தார். இருவரும் ஷுரைஹை நடுவராக ஏற்றனர். வாங்கியதை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் எனக் கலீஃபாவுக்கு எதிராகவே அவர் தீர்ப்பளித்தார். அந்நேர்மையைக் கண்ட உமர் (ரலி) அவர்கள் அவரையே கூஃபாவின் காழியாக நியமித்தார்கள். சுமார் 60 ஆண்டுகள் அவர் அப்பொறுப்பை வகித்தார்.

கலீஃபா அலீ (ரலி) அவர்களின் கவசம் யூதர் ஒருவரிடம் காணப்பட்டது. வழக்கு ஷுரைஹ் முன் வந்தது. வாதியே ஆதாரம் தர வேண்டும் என்பது சட்டம். தந்தைக்காக மகன் ஹஸன் (ரலி) சொல்லும் சாட்சியம் ஏற்கப்படவில்லை. போதிய சாட்சி இல்லாததால் கவசம் கையில் வைத்திருந்தவருக்கே தீர்ப்பாயிற்று. ஆட்சித் தலைவருக்கு எதிராக அவருடைய காழியே தீர்ப்பளித்ததைக் கண்டு வியந்த அந்த யூதர், உண்மையை ஒப்புக்கொண்டு இஸ்லாத்தைத் தழுவினார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

ஒருமுறை அவருடைய மகன் தம் வழக்கு விவரத்தைத் தந்தையிடம் கூறி, வெற்றி கிட்டுமெனில் வழக்காடுவதாகவும் இல்லையெனில் சமாதானம் செய்துகொள்வதாகவும் ஆலோசனை கேட்டார். வழக்காடுமாறு கூறிய தந்தை, விசாரணைக்குப் பின் மகனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மனம் வருந்திய மகனிடம் காரணத்தை விளக்கினார்: முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால், மகன் எதிர்த்தரப்பாருடன் சமரசம் பேசி அவர்களுக்குரிய உரிமையில் ஒரு பகுதியைப் பெற்றிருப்பார். சமாதானம் சிறந்ததே, ஆனால் நடுவர் ஒருவரிடம் மட்டும் இரகசியமாகக் கூறிய தகவலால் விளையும் சமாதானம் அநீதியாகும்.

அதே போன்று, பிறருக்குப் பிணை நின்ற மகனை, அந்நபர் தப்பியோடியபோது சிறையிலடைத்தார்; உணவை மட்டும் தாமே கொண்டு சென்றார். பாசம் வேறு, பொறுப்பு வேறு.

ஹிஜ்ரி 80-ஐ ஒட்டி, முதிர்ந்த வயதில் அவர்கள் மறைந்தார்கள்.

பாகப்பிரிவினை, கொடுக்கல் வாங்கல் என நம் ஜமாஅத்திலும் பிணக்குகள் வருகின்றன. தீர்த்து வைக்க அமரும் நாம், ஒரு தரப்பாரை வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு மறு தரப்பாரைச் சபையில் கேட்கிறோமா? உறவினர் என்றால் நம் குரல் தணிகிறதா? ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுப் பார்ப்போமாக.

வல்ல அல்லாஹ் நம்மனைவரையும் நீதியின் மீது நிலைத்திருக்கச் செய்வானாக! ஆமீன்.