பெரிய கோயில் மதிலில் குல வரலாறு எழுதிய மன்னர் சரபோஜி

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை வலம் வரும் அன்பர்களில் பெரும்பாலோர் இராசராச சோழரின் கல்வெட்டுகளைத் தேடிக் கண்டு மகிழ்வர். அதே கோயிலின் தென்மேற்குத் திருச்சுற்றுச் சுவரில் மராட்டி மொழியில் வெட்டப்பெற்ற மற்றொரு நீண்ட கல்வெட்டு உண்டு. அதன் முன் நின்று பார்ப்போர் மிகச் சிலரே. போன்சலே வம்ச சரித்திரம் எனப்படும் அக்கல்வெட்டு 1803ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆணைப்படி பொறிக்கப்பட்டது. ஒரு குலத்தின் கதை முழுவதும் ஓர் ஆலயச் சுவரில் எழுதப்பட்டிருப்பது அரிதினும் அரிது. அதை எழுதச் செய்தவரின் வாழ்க்கையை அறிந்தால், அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்பது ஒருவாறு விளங்கும்.

போன்சலே குடியினரின் பூர்வீகம் இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தைச் சார்ந்தது. எல்லோராக் குகைகளுக்கு அருகிலுள்ள வேருள் என்னும் சிற்றூரில் பாபாஜி போன்சலே என்பவர் ஊர்த்தலைமை பூண்டிருந்தார். அவர் மைந்தர் மாலோஜி, அகமது நகர் சுல்தான்களின் படையில் சேர்ந்து உயர்ந்தார். பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்றாகிய வேருள் கிருஷ்ணேசுவரர் ஆலயத்திற்குத் திருப்பணி செய்தவர் அவரே. சிகர் சிங்கணாப்பூர் மலையில் எழுந்தருளியுள்ள சம்பு மகாதேவரை வழிபட வரும் அடியார்களின் நீர் வேட்கை தீர, அங்கு ஒரு பெருங்குளமும் வெட்டுவித்தார்.

மராட்டியக் குடிகள் ஒவ்வொன்றுக்கும் குலதெய்வம் உண்டு. திருமணத்தின்போது வைத்து வணங்கப்படும் தேவக் என்னும் புனிதச் சின்னமும் உண்டு. ஒரே தேவக் உடைய குடும்பங்கள் தமக்குள் மணவுறவு கொள்வதில்லை. போன்சலே குடியின் குலதெய்வம் துளஜாப்பூர் பவானி அம்மன். தஞ்சை அரசர் மரபில் துளஜாஜி என்னும் பெயர் வழிவழியாக வந்தது அவ்வன்னையின் திருப்பெயரால்தான். சரபோஜி என்னும் பெயரின் கதையோ வேறு. நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய மாலோஜி, அகமது நகரில் அடக்கமான ஷா ஷெரீப் என்ற முஸ்லிம் மகானை வேண்டிப் பெற்ற புதல்வர் இருவருக்கும் ஷாஜி, ஷெரீப்ஜி எனப் பெயரிட்டதாக மரபு கூறுகிறது. ஷெரீப்ஜியே பின்னர் சரபோஜி என்றாயிற்று. பக்தி என்று வந்துவிட்டால் அக்காலத்துப் பெரியோர் வேலி போட்டுப் பார்க்கவில்லை போலும்!

ஷாஜியின் மக்களுள் சத்ரபதி சிவாஜியை அறியாதார் இலர். 1674இல் அவர் முடிசூடியபோது, போன்சலே குடி மேவார் நாட்டுச் சிசோதிய இராசபுத்திரர் வழியில் வந்தது என்று குலமுறை கிளத்தப்பட்டது. அதனை ஏற்போரும் மறுப்போரும் வரலாற்றறிஞரிடையே உளர். சிவாஜியின் மாற்றாந்தாய் மகனாகிய ஏகோஜி, பீஜப்பூர்ப் படையுடன் தெற்கே வந்து, 1676ஆம் ஆண்டளவில் தஞ்சையில் அரசு நிறுவினார். காவிரி நாட்டில் மராட்டியர் ஆட்சி அவ்வாறே தொடங்கியது.

நமது சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள், அக்குடியின் கிளைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பிள்ளையின்றி நோயுற்றிருந்த இரண்டாம் துளஜாஜி, 1787இல் மரணத் தறுவாயில் அச்சிறுவரைத் தத்தெடுத்து, கிறித்துவப் பாதிரியார் சுவார்ட்சின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். ஆனால் மன்னர் மறைந்ததும் அவருடைய தம்பி அமர்சிங் அரியணை ஏறினார். பெற்றோருக்கு ஒரே மகனாகப் பிறந்தவரைத் தத்துக் கொடுத்தல் தகாது என்றும், பிள்ளைக்கு வயது மிகுதி என்றும் காரணம் காட்டி, தத்து செல்லாது எனப் பண்டிதர்கள் தீர்ப்புரைத்தனர்.

பத்து வயதுச் சிறுவர் அரண்மனையிலேயே சிறைப்பட்டவர்போல் அடைக்கப்பட்டார்; கல்வியும் மறுக்கப்பட்டது. சுவார்ட்சு பாதிரியார் விடாது முறையிட்டதன் பயனாக, 1793இல் அவரும் துளஜாஜியின் தேவியரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர் ஆங்கிலமும் பிற கலைகளும் கற்றார். பின்னர் வங்காளத்திலும் காசியிலும் இருந்த பண்டிதர்களின் கருத்துக் கேட்கப்பட்டு, தத்து முறையானதே என முடிவாயிற்று. 1798ஆம் ஆண்டு சூன் மாதம் சரபோஜி அரியணையில் அமர்ந்தார். மகனைப்போல் காத்த ஆசான் அதைக் காணவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அவர் மறைந்துவிட்டார். ஆசானுக்குச் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் அமைத்துப் பெரிய கோயிலுக்கு அண்மையிலுள்ள தேவாலயத்தில் நிறுவிய மன்னர், தம் குலதெய்வ வழிபாட்டிலிருந்து இறுதிவரை சிறிதும் வழுவவில்லை.

அரியணை கிடைத்தது, அரசு நிலைக்கவில்லை. 1799ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போயிற்று. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டுதோறும் ஓர் இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. இருபத்திரண்டு வயதில் நாடிழந்த அரசர் வேறு எவராயினும் களியாட்டத்தில் மூழ்கியிருப்பார். சரபோஜியோ பெரிய கோயில் திருப்பணியில் இறங்கினார். நான்கே ஆண்டுகளில், பாபாஜி, மாலோஜி, ஷாஜி தொடங்கித் தம் வரையிலான குல வரலாற்றை அரண்மனைச் செயலர் பாபுராயரைக் கொண்டு எழுதுவித்து, அக்கோயிற் சுவரிலேயே பொறிக்கச் செய்தார். இக்குலத்தவர் அல்லர் என்று ஒருகாலத்தில் தள்ளப்பட்டவர், அதை ஏட்டில் எழுதி வைப்பதோடு எப்படி அமைதி கொள்வார்?

அவர்தம் பிற பணிகள் பல. 1802இல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரால் எழுப்பிய சத்திரம், இராமேசுவர யாத்திரிகர்க்கு அன்னமிட்டது. தன்வந்திரி மகாலில் நோயாளிகளைப் பரிசோதித்த மருத்துவர்கள் எழுதிய கண்நோய்க் குறிப்புகள் படங்களுடன் இன்றும் உள்ளன. சரசுவதி மகால் நூலகத்தின் பெருமையை இங்கு விரிக்க வேண்டியதில்லை. புன்னைநல்லூர் மாரியம்மன் திருக்கோயிலிலும் அவர் திருப்பணி செய்தார். ஏகோஜி காலத்தில் அம்மன் கனவில் தோன்றி வெளிப்பட்ட தலம் அது என்பர். கோட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவர்மீது பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, பெரிய கோயில் விழாவில் ஆடப்பெற்று வந்தது.

1820இல் பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை புறப்பட்டார். தம் உரிமைக்குச் சான்று கூறிய பண்டிதர்களின் ஊர் அல்லவா அது? அங்கிருந்து அவர் பொன்னும் பட்டும் சுமந்து வரவில்லை. சுவடிகளையே தேடிச் சேர்த்துத் தஞ்சைக்குக் கொண்டுவந்தார்.

1832ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் சரபோஜி மன்னர் சிவபதம் அடைந்தார். அவர் மைந்தர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தபோது, கும்பினியார் அரசுரிமையையும் நீக்கிவிட்டனர். புன்னைநல்லூர், பெரிய கோயில் உள்ளிட்ட 88 திருக்கோயில்களைக் கொண்ட அரண்மனை தேவஸ்தானத்தின் பரம்பரை அறங்காவலர் பொறுப்பு மட்டும், அக்குலத்தாரிடமே தொடர்ந்து வருகிறது.