நாவலாசிரியர் ஆர். சண்முகசுந்தரம்

அவிநாசியினின்று திருப்பூர் வழியாகத் தென்கிழக்கே செல்வோமாயின், பனியன் கம்பெனிகள் மெல்ல மறைந்து, கிளுவை வேலி சூழ்ந்த புன்செய்க் காடுகள் தோன்றத் தொடங்கும். அப்பக்கத்துக் கீரனூரிலே 1917ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆர். சண்முகசுந்தரம். அந்நாளில் கோவை மாவட்டமாயிருந்த அப்பகுதி 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. நம் அண்டையூராராகிய இவர் பெயரை அறிந்தோர் பலர். இவர் நூல்களை ஊன்றிப் படித்தோர் சிலரே. அக்குறை நோக்கியே இதனை எழுதத் துணிந்தோம்.

இளமையிலேயே மணிக்கொடியில் சிறுகதை எழுதிப் பழகிய இவர், 1942இல் நாகம்மாள் என்னும் நாவலை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. கு. ப. ராஜகோபாலன் அதற்கு முன்னுரை வரைந்தார். கொங்குக் குடியானவர் பேச்சை அப்படியே பாத்திரங்களின் வாயில் அமைத்தமை அன்று புதுமை. தமிழில் வட்டார நாவலுக்கு வழிகாட்டியவர் எனப் பிற்காலத்தார் அவரைப் போற்றுதற்கு இதுவே காரணமாம்.

ஆயின் மொழியினும் மேலாக நம் மனத்தைக் கவர்வது வேறொன்று. நளன் நாடிழந்தான், அரிச்சந்திரன் சுடலை காத்தான். துன்பம் வந்துழி நல்லோரின் நன்மை பின்னும் ஒளிர்வதையே நம் பழங்கதைகள் காட்டி வந்தன. சண்முகசுந்தரமோ அவ்வாறு செய்திலர். நாகம்மாள் ஒரு சிறு மகளுடன் கணவனை இழந்தவள். கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோருடன் ஒரு வீட்டில் வாழ்பவள். அக்கைம்மை அவளை மூலையில் ஒடுங்கி அழச் செய்யவில்லை. அடங்காத மனமும் ஆளும் விருப்பமும் அவளிடத்தே வெளிப்படுகின்றன. ஊரார் ஏசும் கெட்டியப்பனுடன் அவள் நட்புக் கொள்கிறாள். நிலத்தில் தன் பங்கைப் பிரித்துத் தருமாறு கேட்கிறாள்.

முதன்முறை படித்தபோது நாம் அவளைப் பேராசைக்காரியென்றே எண்ணினோம். பின்னர்ச் சட்ட வரலாற்றை நோக்கியபொழுது அவ்வெண்ணம் தளர்ந்தது. கூட்டுக் குடும்பத்தில் கணவனுக்குரிய பங்கைக் கைம்பெண் தன் ஆயுள்வரை பெறலாம் என 1937ஆம் ஆண்டின் இந்து மாதர் சொத்துரிமைச் சட்டம் கூறிற்று. ஆனால் விவசாய நிலத்திற்கு அது செல்லாதென 1941இல் பெடரல் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். சென்னை மாகாணத்தில் அவ்வுரிமை நிலத்திற்கும் விரிந்தது 1947இலேதான். நாவல் வெளிவந்ததோ இடைப்பட்ட 1942இல்! ஆசிரியர் இவற்றை எண்ணி எழுதினாரோ இல்லையோ, வெளியார் துணையன்றி வேறு வழியில்லாத ஒருத்தியைக் கண்முன் நிறுத்திவிட்டார்.

சின்னப்பனையும் அவர் கொடியவனாக ஆக்கவில்லை. உழைப்பாளி, மனைவியிடத்து அன்புடையவன். எனினும் நிலத்தை விற்று வேறூர் போகலாம் என்று எண்ணியவன், தன் அண்ணன் மனைவியின் மனத்தில் இருப்பது யாதென ஒருபோதும் உசாவினானல்லன். நல்லவனிடத்தும் இத்தகைய குருடு உண்டென்பதைத் துன்பமே வெளிப்படுத்துகின்றது. நம் வீடுகளில் பாகப்பிரிவினை நடந்த நாட்களை நினைவுகூர்வோர் இதனை எளிதில் உணர்வர்.

கோவையில் தம் சகோதரர் திருஞானசம்பந்தத்துடன் பதிப்புத் தொழிலும் நடத்திய இவர், வங்க நாவல்கள் பலவற்றை இந்தி வாயிலாகத் தமிழாக்கினார். விபூதிபூஷணின் பதேர் பாஞ்சாலி அவற்றுள் ஒன்று. அறுவடை, சட்டி சுட்டது, தனிவழி முதலியன பின்னர் எழுதியவை. சட்டி சுட்டதில் வரும் முதியவர் சாமிக்கவுண்டருக்குத் துன்பம் தாம் பெற்ற மக்களிடமிருந்தே வருகிறது.

சண்முகசுந்தரம் 1977இல் காலமானார். நாகம்மாள் கதையோ நிலத்தகராற்றில் சின்னப்பன் உயிரிழப்பதோடு நின்றுவிடுகின்றது. அதன் பின்னர் அவளும் அச்சிறு மகளும் என்ன ஆயினர் என்பதை அவர் கூறவில்லை.