தொட்டாற்சிணுங்கியின் துடிப்பை அளந்தவர்

மூணாறு தேயிலைச் சரிவிலும் பாலக்காட்டு வரப்பிலும் காலைக் கீறும் தொட்டாற்சிணுங்கியை ஆராய்ந்த மேதை ஜகதீச சந்திர போஸ். 1858-இல் வங்காளத்தில் பிறந்தவர். 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளையரைவிடக் குறைந்த சம்பளம் என்றதும், மூன்றாண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். முடிவில் முழுச் சம்பளமும் பாக்கியோடு கிடைத்தது.

தொட்டாற்சிணுங்கியின் இலைக்காம்படியில் சிறு புடைப்பு உண்டு. அதில் நீர் நிறைந்துள்ள வரை இலை நிமிர்ந்து நிற்கும். தொட்டால் புடைப்பின் அடிப்பக்கத்து நீர் வெளியேற, இலை தொங்கிவிடும். தொட்ட சேதி மின் துடிப்பாகப் பரவுவதைத் தாமே அமைத்த கருவிகளால் போஸ் அளந்தார். மேனாட்டு அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். அவர் தளரவில்லை. 1917-இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1920-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937-இல் மறைந்தார். அந்த மின் துடிப்பை இன்றைய விஞ்ஞானமும் ஏற்கிறது.