விதை காத்தவர் பசியில் மாண்டார்

நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கொத்தமல்லி, சீரகம், சோம்பு மூன்றும் இருக்கும். இவையும் காரட்டும் ஒரே குடும்பம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான்குமே குடை விரித்தாற்போல் பூக்கிற செடிகள். இவை போன்ற பயிர்களின் விதைகளைத் தேடி நாடு நாடாகச் சுற்றிய ரஷ்ய அறிஞர் நிக்கோலாய் வவிலோவை இன்று நினைத்துப் பார்ப்போம்.

1887-ல் மாஸ்கோவில் பிறந்தவர் அவர். ஒரு பயிர் எங்கே பல ரகமாக விளைகிறதோ, அங்கேதான் அதன் பிறந்த வீட்டைத் தேட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1924-ல் ஆப்கானிஸ்தான் மலைகளில் குதிரையேறித் திரிந்தார். ஊதாவும் மஞ்சளுமாகக் காரட் விளையும் பூமி அது. காரட்டின் பிறந்த வீடு மத்திய ஆசியா என்று கணித்தார்.

எதற்கு இத்தனை ரகம்? நோய் வந்தால் ஒரு ரகம் சாகும், இன்னொன்று நிற்கும். நம்ம ரப்பரையே பாருங்கள். 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளின் வழியில் வந்தவையே இங்குள்ள மரங்களில் பெரும்பாலானவை. தென் அமெரிக்காவின் இலைக் கருகல் நோய் இங்கே வந்தால் கதி என்ன என்ற பயம் அதனால்தான்.

லெனின்கிராட் நகரில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் விதை மாதிரிகளை அவர் சேர்த்து வைத்தார். ஆனால் லைசென்கோ என்பவரின் கட்சிக்கு ஆட்சியாளர் துணை நின்றனர். 1940-ல் வவிலோவைச் சிறையில் அடைத்தார்கள். உலகத்தின் பசியைத் தீர்க்கப் பாடுபட்டவர், 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் சோறின்றி மாண்டார்.

அதே சமயம் லெனின்கிராடை ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்தது. நெல் விதைக்குப் பொறுப்பாக இருந்த டிமிட்ரி இவானோவ் பட்டினியால் உயிர் விட்டார். பக்கத்திலேயே மூட்டை மூட்டையாக நெல் இருந்தும் ஒரு பிடி தொடவில்லை!

1955-ல் வவிலோவ் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். அந்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. காரட், மல்லி விதைகளும் அங்கே குளிர் அறையில் இருக்கின்றன. விதையைப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. முளைப்புச் சக்தி குறையுமுன் மறுபடி விதைக்க வேண்டும். காரட்டில் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதால், ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனி வலைக்கூண்டில் வளர்க்கிறார்கள்.

விதை நெல்லில் கை வைக்காதது நம்ம முன்னோர் வழக்கமும்தான். வீட்டோரத்தில் இரண்டு பாத்தி போட்டிருப்பவர்கள், நல்ல காய் ஒன்றை விதைக்கு விட்டு வையுங்கள். வவிலோவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.